தொண்டர் அமைத்த நூலகமும் துறைசார் வெற்றிடங்களும்
விழிப்புலனற்றோரின் வாசிப்புரிமை பற்றிய ஒரு நோக்கு

1

நூலகமொன்றின் சிறப்பை அதிலுள்ள நூல்களின் தொகையைக் கொண்டு அளவிடுவது நீண்டகால வழக்கமாகும். பொதுநூலகங்களைப் பொறுத்தவரையிலேகூட இவ்வளவுகோல் முழுமையானதன்று. விழிப்புலனற்றோருக்கென அமைந்த நூலகங்களைப் பொறுத்தவரையிலோ அது பெரிதும் பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லக்கூடியது. அச்சிட்ட நூலை வாசிக்கவல்ல ஒருவர் தாம் தேடும் நூல் ஓரிடத்தில் இல்லையாயின் வேறிடத்தில் தேடலாம், கடையில் வாங்கலாம், நண்பரிடம் இரவல் பெறலாம். இவ்வழிகள் யாவும் அடைபட்டுள்ள ஒருவருக்கு, அவர் பயன்படுத்தத்தக்க வடிவில் நூல்களைத் தரும் நூலகத்தில் ஒரு துறை இல்லையென்றால், அத்துறையே அவரது உலகில் இல்லையென்றாகின்றது.

இங்கு நாம் 'அணுகத்தக்க நூல்' எனக் குறிப்பிடுவது, பிரெயில் வடிவிலோ, ஒலிப்பதிவாகவோ, கணினி உரத்து வாசிக்கக்கூடிய எழுத்துக் கோப்பாகவோ அமைந்த நூலையாகும். விழிப்புலனற்றோர் மட்டுமன்றி, எழுத்துக்களை இனங்கண்டு வாசிப்பதில் இடர்ப்படுவோரும், உடற்குறைபாடு காரணமாக நூலைக் கையிலேந்திப் புரட்டமுடியாதோரும் இத்தகைய நூல்களை வேண்டி நிற்கின்றனர். இவற்றை உருவாக்கும் பணியின் பெரும்பகுதி உலகெங்கும் தன்னார்வத் தொண்டர்களாலேயே நடைபெற்று வந்துள்ளது. அவர்களது உழைப்பு போற்றுதற்குரியது என்பதில் ஐயமில்லை. ஆயின் போற்றுதல் ஆராய்ச்சிக்கு மாற்றீடாகாது. தொண்டர் அமைத்த நூலகத்தில் சில துறைகள் நிரம்பி வழிவதும் வேறு சில வெறுமையாகக் கிடப்பதும் ஏன்? அவ்வெற்றிடங்களை இனங்காண்பது எவ்வாறு? நிரப்புவது எவ்வாறு? இவ்வினாக்களை, அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 2002 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட 'புக்ஷெயர்' என்னும் நூலகத்தை முதன்மை உதாரணமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

வெற்றிடம் என்பது புதியதொரு பிரச்சினையன்று. விழிப்புலனற்றோருக்கான நூல்களின் வரலாறே ஒருவகையில் வெற்றிடங்களின் வரலாறு எனலாம். லூயி பிரெயில் தமது புள்ளி எழுத்து முறையை 1829 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் வில்லியம் மூன் 1845 ஆம் ஆண்டில் வேறொரு புடைப்பெழுத்து முறையை அறிமுகம் செய்தார். அக்காலப் புடைப்பெழுத்து நூல்களில் சமய நூல்களே முதலிடம் பெற்றன. நூல்களுக்குப் பணமளித்தோர் விழிப்புலனற்ற மனிதரை ஆறுதல் தேடும் ஆத்மாவாகவே கண்டனர். சட்டத்தரணியாகவோ விஞ்ஞானியாகவோ அவர் வரக்கூடும் என்னும் எண்ணம் அவர்களுக்கு எழவில்லை. எனவே எது நூலகத்தில் இல்லை என்பது, சமூகம் எவரை எவ்வாறு கருதியது என்பதன் சான்றாகவும் அமைகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் அரசு தலையிட்ட பின்னரும் இந்நிலை படிப்படியாகவே மாறிற்று. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் வாயிலாக விழிப்புலனற்றோருக்கு நூல் வழங்க 1931 ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. 1934 ஆம் ஆண்டில் 'பேசும் நூல்' இசைத்தட்டுகள் வெளிவரத் தொடங்கின. ஆயின் அச்சட்டம் வளர்ந்தோரை மட்டுமே கருத்திற் கொண்டிருந்தது. சிறுவர்கள் 1952 ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்டனர். இசைப் பயிற்சிக்குரிய நூல்கள் 1962 ஆம் ஆண்டிலும், ஏனைய உடற்குறைபாடுடையோர் 1966 ஆம் ஆண்டிலும் இடம்பெற்றனர். ஒவ்வொரு திருத்தமும் அதற்கு முன்னர் நிலவிய ஒரு வெற்றிடத்தின் ஒப்புதலாகும்.

இவை யாவற்றின் பின்னரும் எஞ்சிய பெரும் வெற்றிடம் உயர்கல்விப் பாடநூல்களாகும். இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்து திரும்பிய படைவீரர்கள், 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்ப் பல்கலைக்கழகக் கல்விக்கான உதவியைப் பெற்றனர். கல்விக் கட்டணம் கிடைத்தது. படிப்பதற்கு நூல் கிடைக்கவில்லை. இந்நிலையிலேதான் ஆன் மக்டொனால்ட் என்பவரின் முயற்சியால், நியூயோர்க் பொதுநூலகத்துடன் தொடர்புடைய தொண்டர்கள் 1948 ஆம் ஆண்டில் பாடநூல்களை வாசித்துப் பதிவுசெய்யத் தொடங்கினர். இவ்வமைப்பு பின்னர் பெருவளர்ச்சி கண்டு, இன்று 'லேர்னிங் அலி' என்னும் பெயரில் இயங்குகின்றது. இதன் சிறப்பு யாதெனில், அது தொண்டரின் விருப்பத்திலிருந்து அன்றி மாணவரின் தேவையிலிருந்து தொடங்கியமையாகும். எந்த மாணவர் எந்நூலை வேண்டினாரோ அந்நூலே வாசிக்கப்பட்டது. இவ்வேறுபாட்டினை நாம் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

3

புக்ஷெயரின் தோற்றம் வேறு வகையானது. அதன் மூலவரான ஜிம் புருக்டர்மன், 1989 ஆம் ஆண்டு முதல் விழிப்புலனற்றோருக்கான வாசிப்புக் கருவிகளை உருவாக்கும் நிறுவனமொன்றை நடத்தியவர். அக்கருவியைக் கொண்டு ஒருவர் நூலின் பக்கங்களை ஒவ்வொன்றாக வருடியில் வைத்துப் படியெடுப்பார். எழுத்துணரி மென்பொருள் அப்படிமத்தை எழுத்தாக மாற்றும். கணினிக் குரல் அதனை வாசிக்கும். ஒரு நூலை இவ்வாறு மாற்றப் பல மணிநேரம் தேவைப்பட்டது. ஒரே நூலை வெவ்வேறு ஊர்களில் வாழும் பலர் தத்தம் வீடுகளில் தனித்தனியே படியெடுத்துக் கொண்டிருந்தனர். இவ்வுழைப்பு ஒருமுறை செய்யப்பட்டு எல்லோராலும் பகிரப்படலாகாதா என்னும் வினாவே புக்ஷெயரின் வித்தாயிற்று. 1996 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திற் சேர்க்கப்பட்ட 121 ஆம் பிரிவு, உரிமையாளரின் அனுமதியின்றியே இத்தகைய பிரதிகளை ஆக்கி உரியோருக்கு வழங்க இடமளித்தது.

ஆகவே புக்ஷெயரின் தொடக்ககாலத் தொகுப்பு, அதன் உறுப்பினரும் தொண்டரும் தமக்கென ஏற்கெனவே படியெடுத்து வைத்திருந்தவற்றாலும், தொடர்ந்து விரும்பி அனுப்பியவற்றாலும் ஆனது. வாசகரே நூலகத்தை ஆக்குவோராகவும் இருந்தனர் என்பது இதன் சனநாயகப் பண்பாகும். பிறர் தெரிவு செய்து தந்ததைப் பெற்றுக்கொள்ளும் நிலையிலிருந்து விழிப்புலனற்றோர் விடுபட்டனர். ஆயின் இதே பண்பு துறைசார் சமமின்மைக்கும் வழிகோலிற்று. அதன் காரணங்களை நான்காக வகுத்து நோக்கலாம்.

முதலாவது, விருப்பு. ஊதியமின்றி ஓய்வுநேரத்தில் உழைப்பவர் தமக்குப் பிடித்த நூலையே எடுப்பார். துப்பறியும் கதை, அறிவியற் புனைகதை, காதற்கதை ஆகியன முன்னிற்பது இயல்பே. தொடர்கதைத் தொகுதியொன்றின் அடுத்த நூல் வெளிவந்ததும் பலர் அதனை நாடுவர். புள்ளிவிபரவியற் பாடநூலை எவரும் ஆவலுடன் தேடிச்செல்வதில்லை.

இரண்டாவது, உழைப்பின் தன்மை. நாவலொன்றின் பக்கம் ஒரே சீரான வரிகளால் ஆனது. எழுத்துணரி ஒரு சொல்லைப் பிழையாக உணர்ந்தாலும், திருத்துபவர் வாக்கியத்தின் பொருளைக் கொண்டு அதனைச் சரிசெய்துவிடலாம். கணிதநூலில் இது இயலாது. பத்தின் வர்க்கத்தைக் குறிக்க மேலே சிறிதாக எழுதப்படும் 2, எழுத்துணரியின் வழியாக வரும்போது கீழிறங்கிச் சாதாரண எண்ணாகிவிடும். நூறு என்னும் பெறுமானம் 102 ஆகத் தோன்றும். அட்டவணையின் நிரல்கள் ஒன்றோடொன்று கலக்கும்; வரைபடம் முற்றாக மறைந்துவிடும். துறையறிவில்லாத திருத்துநர் இவற்றைக் கவனிக்கவும் மாட்டார். அத்துடன், பாடநூல்கள் விலை கூடியவை; தொண்டர் தம் சொந்தப் பணத்தில் வாங்கிப் படியெடுக்கக்கூடியவை அல்ல.

மூன்றாவது, சட்டம். மேற்குறித்த 121 ஆம் பிரிவு நாடகம் அல்லாத இலக்கிய ஆக்கங்களுக்கு மட்டுமே பொருந்துவதாக இருந்தது. பதிப்புரிமையுள்ள நாடகநூல் எதனையும் இவ்விலக்கின்கீழ்ச் சேர்க்க முடியவில்லை. நாடகத்தைச் சிறப்புப் பாடமாகக் கற்கும் மாணவருக்குத் தற்கால நாடகங்கள் கிட்டாமற் போனமைக்குத் தொண்டரின் அசிரத்தை காரணமன்று. சட்டத்திலிருந்த ஒரு சொல்லே காரணமாகும். 2018 ஆம் ஆண்டில் மரகேஷ் உடன்படிக்கையை நடைமுறைப்படுத்த இயற்றப்பட்ட சட்டத்தினாலேயே இத்தடை நீங்கி, நாடகங்களும் எழுத்து வடிவிலுள்ள இசையாக்கங்களும் உள்ளடக்கப்பட்டன.

நான்காவது, மொழி. எழுத்துணரி, கணினிக் குரல், பிரெயில் மாற்றி ஆகிய மூன்றும் ஒரு மொழிக்குச் செவ்வையாக அமைந்தாலன்றி அம்மொழி நூல்கள் தொகுப்பிற் சேரா. ஆங்கிலத்திற்கு இவை முதலில் அமைந்தன, பிறமொழிகள் பின்தங்கின.

இந்நான்கினையும் ஒருசேர நோக்கும்போது ஓர் உண்மை தெளிவாகின்றது. வெற்றிடங்கள் தற்செயலாக ஏற்பட்டவை அல்ல. மனித விருப்பு, உழைப்பின் செலவு, சட்டம், தொழில்நுட்பம் என்பவற்றின் விளைவுகளே அவை. எனவே நல்லெண்ணம் மட்டும் பெருகுவதால் அவை நீங்கப்போவதில்லை.

4

வெற்றிடத்தை நிரப்புமுன் அதனை அறிதல் வேண்டும். இது தோற்றுமளவுக்கு எளிதன்று. இருப்பதைப் பட்டியலிடலாம், இல்லாததைப் பட்டியலிடுவது எவ்வாறு?

வழக்கமாகக் கையாளப்படும் முறை, தொகுப்பைத் துறைவாரியாக எண்ணிப் பார்ப்பதாகும். ஆயின் 'அறிவியல்' என்னும் தலைப்பின்கீழ் ஆயிரம் நூல்கள் காணப்படலாம். அவற்றுட் பெரும்பாலானவை பொதுவாசகருக்கான அறிவியற் கட்டுரைகளாகவும், சேதன இரசாயனத்தில் ஒரு பாடநூல்கூட இல்லாததாகவும் இருக்கலாம். துறைப்பெயர் மட்டத்தை மறைக்கின்றது. ஆதலால் பல்கலைக்கழகப் பாடவிதானங்கள், தொழிற்தகைமைப் பரீட்சைகளின் நூற்பட்டியல்கள் முதலியவற்றோடு தொகுப்பை ஒப்புநோக்குவதே பொருத்தமானது. ஒரு மாணவர் ஒரு பாடநெறியைத் தொடக்கம் முதல் இறுதிவரை இந்நூலகத்தைக் கொண்டே கற்றுத்தேற முடியுமா என்பதே கேட்கவேண்டிய வினா.

மற்றொரு முறை வாசகரின் வேண்டுகோள்களைத் திரட்டுவது. இது இன்றியமையாதது. ஆயினும் இதற்கும் ஓர் எல்லையுண்டு. கிடைக்கும் என்ற நம்பிக்கை உள்ளவரே கேட்பார். பாடசாலைக் காலத்திலேயே கணிதநூல் கிட்டாமையால் கணிதத்தைக் கைவிட்ட ஒருவர், பின்னாளில் நுண்கணித நூலை வேண்டி விண்ணப்பிக்கப் போவதில்லை. அத்துறையில் வேண்டுகோள் இல்லை என்பதைக் கண்ட நூலகத்தார், அதற்குத் தேவையில்லை என முடிவுசெய்யக்கூடும். வெற்றிடம் தேவையின்மையை உண்டாக்குகின்றது. தேவையின்மை வெற்றிடத்தை நியாயப்படுத்துகின்றது. இச்சுழலை வேண்டுகோட் பட்டியல் ஒருபோதும் வெளிக்காட்டாது.

மூன்றாவதாக, மறைவான வெற்றிடங்களும் உள. நூற்பட்டியலில் நூலின் பெயர் காணப்படும். உள்ளே சமன்பாடுகள் சிதைந்திருக்கும். 'படத்தைப் பார்க்க' என்றிருக்கும், படத்தின் விளக்கம் இராது. புக்ஷெயர் தொடக்ககாலத்தில் ஒவ்வொரு பிரதியின் தரத்தையும் மிகச்சிறந்தது, நன்று, சுமார் என வகைப்படுத்தி அறிவித்தமை இவ்வகையில் நேர்மையான நடைமுறையாகும். பெயரளவில் மட்டும் உள்ள நூல், இல்லாத நூலைவிடத் தீங்கானது. ஏனெனில் அது இனி எவரும் அந்நூலைச் செய்ய முற்படாதவாறு இடத்தை அடைத்துக்கொள்கின்றது.

5

நிரப்பும் வழிகளை அனுபவம் பலவாறாகக் காட்டியுள்ளது. தொண்டரின் சுதந்திரத்தைப் பறிப்பது அவற்றுள் ஒன்றன்று. கட்டளையிடப்பட்ட தொண்டர் விலகிச்செல்வார். அவரது விருப்பையும் வாசகரின் தேவையையும் சந்திக்கச் செய்வதே செய்யத்தக்கது. வேண்டப்படும் நூல்களின் பட்டியலைத் துறைவாரியாக வெளியிடுதல், நூலை வாங்கித் தொண்டரிடம் சேர்ப்பித்தல், படியெடுப்பவரையும் திருத்துபவரையும் வேறுபடுத்தி அவரவர் திறனுக்கேற்பப் பணியளித்தல் முதலியன இவ்வகையின.

கடினமான நூலொன்றைத் தனியொருவர் சுமக்க வேண்டியதில்லை என்பதற்கு, 2000 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பகிர்ந்து திருத்தும் திட்டம் நல்லதோர் உதாரணமாகும். மைக்கேல் ஹார்ட் 1971 ஆம் ஆண்டில் ஆரம்பித்த குட்டன்பேர்க் திட்டத்திற்கு நூல் வழங்கும்பொருட்டு அமைந்த அத்திட்டத்தில், நூல் பக்கம் பக்கமாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பக்கமும் பலரால் அடுத்தடுத்துத் திருத்தப்படுகின்றது. அறுநூறு பக்க நூலுக்கு அஞ்சி ஒதுங்குபவர் நாளொன்றுக்கு ஒரு பக்கம் செய்ய இசைவார்.

ஆயின் பிரித்துச் செய்தல் துறையறிவுக்கு ஈடாகாது. கணிதத்தைக் கணிதமறிந்தவரே திருத்த முடியும். விழிப்புலனற்ற கணிதவியலாளரான ஏபிரகாம் நெமத், கணிதத்திற்கென ஒரு பிரெயில் குறியீட்டு முறையை 1952 ஆம் ஆண்டில் வகுத்தளித்தார். அத்துறை தமக்கு உகந்ததன்று எனப் பிறர் கூறக்கேட்ட ஒருவரே அதன் வாயிலைத் திறந்துவைத்தார் என்பது சிந்திக்கத்தக்கது. படங்களைப் பொறுத்தவரையிலும் இதுவே நிலை. ஒரு வரைபடத்தில் எதனை விளக்க வேண்டும், எதனை விடலாம் என்பதை அப்பாடத்தைக் கற்பிப்பவரே அறிவார். புக்ஷெயரை நடத்தும் பெனரெக் நிறுவனம் 2010 ஆம் ஆண்டில் படவிளக்கத்திற்கென ஒரு தனி மையத்தை நிறுவியமை இவ்வுணர்வின் விளைவாகும்.

எனினும் புக்ஷெயரின் துறைசார் நிலையைப் பெரிதும் மாற்றியவை தொண்டுமுறைக்கு வெளியேயிருந்து வந்த இரு மாற்றங்களாகும். ஒன்று, அரசின் நிதி. 2007 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கல்வித் திணைக்களம் ஐந்தாண்டுகளுக்கென 32 மில்லியன் டொலரை வழங்கியதைத் தொடர்ந்து, தகைமையுள்ள மாணவர் யாவருக்கும் இந்நூலகம் இலவசமாயிற்று. மாணவர் வேண்டும் பாடநூல்கள் முதன்மை பெற்றன. ஊதியம் பெறுவோரின் உழைப்பும் இப்பணியிற் சேர்ந்தது. மற்றையது, மூலக்கோப்பு. 2004 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் வழியாக, பாடசாலை நூல்களை வெளியிடுவோர் அவற்றின் கணினிக் கோப்புகளை ஒரு தேசிய மையத்தில் ஒப்படைக்கும் ஏற்பாடு உருவாயிற்று. அம்மையம் 2006 ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கிற்று. வேறு பல வெளியீட்டாளர்கள் தாமாகவே புக்ஷெயருக்குக் கோப்புகளை வழங்க முன்வந்தனர். கணினியில் எழுத்தாகப் பிறந்த நூலை அச்சிட்டு, அவ்வச்சைப் படமெடுத்து, அப்படத்தை மீண்டும் எழுத்தாக்கும் வீணுழைப்பு இதனால் பெருமளவு குறைந்தது. இன்று இத்தொகுப்பு பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட தலைப்புகளைக் கொண்டுள்ளது. ஆயின் கோப்பு ஒப்படைக்கும் கடப்பாடு பாடசாலை நூல்களுக்கே உரியது. பல்கலைக்கழக நூல்களுக்கு அன்று என்பதும் கவனிக்கத்தக்கது.

6

தமிழைப் பொறுத்தவரையில் இவ்வனுபவம் தரும் படிப்பினை யாது? தமிழிலும் தொண்டர் அமைத்த நூலகங்கள் உள. 1998 ஆம் ஆண்டில் தொடங்கிய மதுரைத் திட்டம் இலக்கியங்களை எழுத்துக் கோப்புகளாக்கி வந்துள்ளது. 2005 ஆம் ஆண்டு முதல் இயங்கும் நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பெருந்தொகையாக ஆவணப்படுத்தியுள்ளது. இவை விழிப்புலனற்றோரை முதன்மையாகக் கருதி எழுந்தவை அல்லவெனினும், அவர்களது வாசிப்புக்கும் அடித்தளமாகக்கூடியவை. முன்னையது எழுத்தாக இருப்பதால் கணினிக் குரல் அதனை வாசிக்கும். ஆயின் அதன் சார்பு இலக்கியத்தின் பக்கமே. பின்னையது துறைவிரிவு மிக்கது. ஆயின் அதன் பெரும்பகுதி பக்கங்களின் படிமங்களாகவே உள்ளது. படிமத்தைக் கண் வாசிக்கும். கணினிக் குரல் நேராக வாசிக்காது. எழுத்துள்ள இடத்தில் துறை குறைவு, துறையுள்ள இடத்தில் எழுத்துக் குறைவு என்பதே இன்றைய முரண்பாடு.

இதனோடு எமது அச்சகங்களுக்கே உரிய சிக்கலொன்றும் உண்டு. இலங்கையில் நீண்டகாலமாகத் தமிழ் நூல்கள் பாமினி முதலிய எழுத்துருக்களில் கோக்கப்பட்டு வந்தன. இவற்றில் திரையிலே தமிழாகத் தோன்றுவது, கணினியின் உள்ளே ஆங்கில எழுத்துக்களின் கோவையாகவே சேமிக்கப்படுகின்றது. 'அம்மா' என்னும் சொல்லைக்கூடத் திரைவாசிப்பான் பொருளற்ற ஒலிகளாகவே உச்சரிக்கும். எனவே வெளியீட்டாளர் மூலக்கோப்பை மனமுவந்து தந்தாலும், ஒருங்குறிக்கு மாற்றித் திருத்தினாலன்றி அது பயன்தராது. இம்மாற்றத்தை மென்பொருள் செய்யும். சரிபார்த்தலை மனிதரே செய்தல் வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் தத்தம் துறை நூல்களுக்கு ஏற்கக்கூடிய பணி இதுவே. பொருளியல் மாணவர் பொருளியல் நூலையும், சட்ட மாணவர் சட்டநூலையும் திருத்துவராயின், மேலே நாம் கூறிய துறையறிவுப் பிரச்சினை பெருமளவு தீரும்.

சட்டத்தின் நிலையும் முற்றாகப் பாதகமானதன்று. 2013 ஆம் ஆண்டு யூன் 27 ஆம் திகதி ஏற்கப்பட்டு, 2016 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 30 ஆம் திகதி நடைமுறைக்கு வந்த மரகேஷ் உடன்படிக்கை, அணுகத்தக்க பிரதிகளை நாடுகளுக்கிடையே பரிமாற வழிவகுக்கின்றது. இந்தியா 2014 ஆம் ஆண்டிலேயே இதனை ஏற்றது; இலங்கை 2016 ஆம் ஆண்டில் இணைந்தது. ஒரு கரையில் திருத்தப்பட்ட தமிழ்நூலை மறுகரையில் மீண்டும் திருத்தவேண்டிய அவசியம் இல்லை. புக்ஷெயரின் தொடக்கத்தில் எழுந்த அதே வினா, ஒரே மொழி பேசும் இரு நாடுகளுக்கிடையிலும் எழுப்பப்பட வேண்டியதாகின்றது.

7

தொகுத்து நோக்குமிடத்து, தொண்டர் அமைத்த நூலகம் ஒரு சாதனை மட்டுமன்று, ஒரு சான்றாவணமுமாகும். சமூகம் எதனைத் தானாகச் செய்ய முன்வருகின்றது, எதனைச் செய்யாது விடுகின்றது என்பதை அது பதிவுசெய்கின்றது. விருப்பால் நிரம்பும் துறைகள் விருப்பாலேயே நிரம்பட்டும். விருப்பு எட்டாத துறைகளில் அரசின் நிதியும், வெளியீட்டாளரின் கடப்பாடும், துறையறிஞரின் உழைப்பும் வந்துசேர்தல் வேண்டும். தொண்டு இருக்கின்றதே என்று அரசும் வெளியீட்டாளரும் கடமையிலிருந்து ஒதுங்குவார்களாயின், தொண்டே அநீதிக்குத் திரையாகிவிடும்.

பொழுதுபோக்கு நூல்களை இழிவுபடுத்துவது நமது கருத்தன்று. களிப்புக்காக வாசிக்கும் உரிமை விழிப்புலனற்றோருக்கும் உண்டு. நெடுங்காலம் அது அவர்களுக்கு மறுக்கப்பட்டும் இருந்தது. ஆயின் கதை வாசிக்க முடிந்த ஒருவர் பொறியியலையும் சட்டத்தையும் வாசிக்க முடியாதிருப்பாராயின், சமூகம் அவரை வாசகராக ஏற்றுக்கொண்டு அறிஞராக ஏற்க மறுத்துள்ளது என்பதே பொருள். நூலகத்தில் வெறுமையாக உள்ள ஒவ்வொரு துறையும், அத்துறையில் உருவாகாமற்போன ஆசிரியரையும் ஆய்வாளரையும் சுட்டி நிற்கின்றது. அவ்வெறுமையை எண்ணிப் பார்ப்பதே அதனை நிரப்புவதற்கான முதற்படியாகும்.